பின்சீட்டுக்குச் சாய்மானம்: கழற்றி மாட்டும் பேக்ரெஸ்ட் பற்றி வாசகர் கேள்விகள்

குரூஸர் வண்டி (தாழ்ந்த சீட்டோடு நீண்ட பயணத்துக்கென்று வரும் மோட்டார் சைக்கிள்) வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த ஒரே பொருளைப் பற்றித் தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 வைத்திருக்கிறேன். வார நாட்களில் பெரம்பூரிலிருந்து கிண்டி ஆபீஸுக்குத் தனியாகத்தான் போவேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மாமல்லபுரம், சில நேரம் புதுச்சேரி வரை. ஒரு மணி நேரம் தாண்டினால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தேவைப்படும்போது மாட்டி, மற்ற நாளில் கழற்றி வைக்கிற மாதிரி பேக்ரெஸ்ட் தேடுகிறேன். ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் 1,900 ரூபாய் சொன்னார்கள். கம்பெனி ஆக்சஸரி அதைவிடக் கூடுதல் விலை. எதை வாங்கலாம்? (பெரம்பூர் வாசகர்)

பதில்: கடைக்குப் போகும்போது மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். சாயப்போவது அவர் முதுகு. அவர் உட்கார்ந்து பார்க்காமல் எந்த விலையிலும் வாங்க வேண்டாம்.

"கழற்றலாம் சார்" என்று கடையில் சொல்வதற்கு மூன்று அர்த்தம் உண்டு. முதல் வகையில் நான்கு ஆலன் போல்ட்டையும் திருகிக் கழற்ற வேண்டும். கழற்றலாம்தான், ஆனால் ஞாயிறு காலையில் கிளம்பும் அவசரத்தில் யாரும் டூல்ஸ் எடுத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். ஒன்று வண்டியிலேயே கிடக்கும், இல்லையென்றால் பரணில் கிடக்கும். இரண்டாவது, கையாலேயே திருகும் குமிழ் வைத்தது. வேலை சுலபம், ஆனால் நம் ரோட்டு அதிர்வில் குமிழ் தளர்ந்துகொண்டே இருக்கும். மூன்றாவதுதான் நீங்கள் தேடுவது. பின் மட்கார்டின் இரண்டு பக்கமும் சிறிய பிராக்கெட் வண்டியோடு நிரந்தரமாக நிற்கும். பேக்ரெஸ்ட்டின் பக்கத் தகடு அதில் வந்து உட்காரும். லாட்ச்சை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். இழுத்தால் கையோடு வரும்.

கடைக்காரரை ஒரு வண்டியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். மாட்டிய பிறகு மேல்கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஃபோம் அமுங்கினால் பரவாயில்லை. பிராக்கெட் இருக்கும் இடத்தில் கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். புதிதாக இருக்கும்போதே உள்ள ஆட்டம், நாலைந்து முறை ஈ.சி.ஆர். போய்வந்தால் இரண்டு மடங்காகும்.

அடுத்தது, நிறைய பேர் கேட்கத் தவறுகிற கேள்வி: இதைக் கழற்றிய பிறகு வண்டியில் என்ன மிச்சம் இருக்கும்? வெளிக்கடை பேக்ரெஸ்ட் பலவற்றில், கம்பெனி கொடுத்த கிராப் ரெயிலை (பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளும் கம்பி) கழற்றிவிட்டு அதே போல்ட் துளையில்தான் பிராக்கெட்டை மாட்டுவார்கள். திங்கட்கிழமை பேக்ரெஸ்ட்டைக் கழற்றியதும் பின்னால் பிடிமானமே இருக்காது. அன்றைக்குச் சக ஊழியர் ஒருவர் லிஃப்ட் கேட்டு ஏறினால் அவர் எதைப் பிடிப்பார்? சட்டமும் இதைச் சொல்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதிப்படி, ஓட்டுபவர் சீட்டுக்குப் பக்கத்திலோ பின்னாலோ நிரந்தரக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் இருக்க வேண்டும். ஆகவே கிராப் ரெயிலை வைத்துக்கொண்டே மாட்டும் மாடலாகப் பாருங்கள். 1,900 ரூபாய்க்கும் கம்பெனி விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், பேட்டின் (முதுகு சாயும் மெத்தை) பளபளப்பு இல்லை.

இப்போது உயரம். மனைவி ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நீங்களும் முன்னால் உட்கார்ந்து, வழக்கமாகப் போகும் நிலையில் அவர் நிமிர்ந்து உட்காரட்டும். பேட் அவர் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகு உள்வாங்கும் இடத்தில் லேசாகத் தொட வேண்டும். தொடுவதற்காக அவர் பின்னால் சாய வேண்டியிருந்தால் பேட் ரொம்பத் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். அப்படிச் சாய்ந்தபடியே 50 கிலோமீட்டர் போனால் இடுப்பு வலி போய்க் கழுத்து வலி வரும். மாறாக, பேட் அவரை முன்னால் தள்ளி உங்கள் முதுகில் மோத வைத்தால் இரண்டு பேருக்குமே உட்கார இடம் போதாது. தோள்வரை உயரும் பேக்ரெஸ்ட் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் கம்பி உயர உயர, அவர் சாயும் ஒவ்வொரு முறையும் கீழே இருக்கும் போல்ட்டில் விழும் இழுவை கூடிக்கொண்டே போகும். பக்கத்துக்கு ஒரே போல்ட்டில் நிற்கும் உயரமான பேக்ரெஸ்ட்டை எடுக்காதீர்கள். பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கு இடத்தில் பிடிமானம் வேண்டும். போல்ட் தலையில் அதன் உறுதியைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருக்கிறதா பாருங்கள். எண் எதுவும் இல்லாத போல்ட் வந்தால் அதே ஜி.பி. ரோட்டிலேயே 8.8 போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டும் வாங்கி மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை. மாட்டிய பிறகு முதல் நீண்ட பயணம் முடிந்து வந்ததும் ஒருமுறை இறுக்கம் பார்த்துவிடுங்கள்.

பேட்டைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பது ரொம்ப உபயோகமான பழக்கம். பின்பலகை பிளைவுட்டாக இருந்து, ரெக்ஸினை ஸ்டேப்ளர் பின் அடித்து ஒட்டியிருந்தால் ஒரு வடகிழக்குப் பருவமழைக்கு மேல் தாங்காது. பலகை ஊறி, திருகு தன்னாலே கழன்று வரும். கெட்டியான பிளாஸ்டிக் அல்லது தகட்டுப் பலகையில் நட் பதித்திருந்தால் நல்லது. தையல் பேட்டின் உச்சியில் ஓடினால் மழை நீர் அதன் வழியே இறங்கி ஃபோமில் தங்கும். தையல் பக்கவாட்டிலோ அடியிலோ இருப்பதை எடுங்கள். கம்பியில், வெல்டு வைத்த மூலைகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். குரோம் முதலில் உரிவது அங்கேதான். வாரா வாரம் கடற்கரை ரோட்டில் போகிறவருக்கு உப்புக்காற்று சும்மா விடாது. மலிவான குரோமைவிடக் கருப்புப் பவுடர் கோட்டிங் உங்களுக்குப் பொருத்தம். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் டச்-அப் செய்துகொள்ளலாம். குழாய்க் கம்பியின் முனை திறந்து கிடக்கக் கூடாது, ஆனால் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை வேண்டும்.

என் தீர்ப்பு: உங்கள் மாடலுக்கென்றே வந்த கம்பெனி ஆக்சஸரி கிராப் ரெயிலைத் தொடாமல், டூல்ஸ் இல்லாமல் கழற்றும்படி இருந்தால் கூடுதல் விலை கொடுத்து அதையே வாங்குங்கள். அதுவும் ஸ்பேனர் போட்டுத்தான் கழற்ற வேண்டும் என்றால், நான் மேலே சொன்ன சோதனைகளில் தேறும் வெளிக்கடைப் பொருளை வாங்குவதில் தவறே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனைவியின் இடுப்பு வலிக்குச் சாய்மானம் இல்லாதது மட்டும்தான் காரணமா என்று பாருங்கள். உங்கள் வண்டியின் பின் ஷாக்கின் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்) இறுக்கத்தை 6 நிலைகளில் மாற்றலாம். தனியாகப் போகும்போது வைத்த நிலையிலேயே இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் முட்டும், அந்த அடி நேராகப் பின்னால் இருப்பவர் முதுகெலும்புக்குப் போகும். பேட்டில் ஒட்டிச் சாய்ந்திருந்தால் இன்னும் கூடுதலாகத் தெரியும். இரண்டு பேர் போகும் நாளில் ஷாக்கை ஒன்றிரண்டு நிலை ஏற்றுங்கள். பின் டயருக்கு மேனுவலில் இரண்டு பேருக்கென்று தனியாகக் கொடுத்திருக்கும் காற்றழுத்தத்தை வையுங்கள். காசு செலவில்லாத வேலை, பேக்ரெஸ்ட் வாங்கும் முன்பே இதைச் செய்து பார்த்துவிடலாம்.

கேள்வி: நான் பஜாஜ் அவெஞ்சர் ஓட்டுகிறேன். அம்மாவைக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போவது நான்தான். அவர் சேலையில் ஒருபக்கமாகத்தான் உட்காருவார். "பேக்ரெஸ்ட் போட்டால் அம்மா விழவே மாட்டாங்க" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (வளசரவாக்கம் வாசகி)

பதில்: நம்ப வேண்டாம். அம்மா இடதுபக்கம் காலைத் தொங்கவிட்டு உட்காரும்போது அவர் முகம் இடதுபக்கம் பார்க்கும், முதுகு வலதுபக்கம் இருக்கும். பேக்ரெஸ்ட் இருப்பது அவருடைய இடது விலாவுக்குப் பக்கத்தில். அவர் முதுகை அது தாங்காது. வண்டி சட்டென்று கிளம்பும்போது பின்னால் நழுவாமல் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். பதிலுக்கு வேறொன்றை எடுத்துக்கொள்கிறது: ஒருபக்கமாக உட்காருகிற பெண்கள் இடது கையால் எட்டிப் பிடிக்கும் பின் கைப்பிடி இருக்கிற இடத்தில்தான் பக்கத் தகடு வந்து நிற்கும். அவர் கை அந்தக் கைப்பிடியைச் சுலபமாகச் சுற்றிப் பிடிக்க முடிகிறதா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

உங்களுக்குக் கழற்றும் வகைதான் சரி. அம்மாவோடு போகும் நாளில் கழற்றி வைத்துவிடுங்கள். கூடவே இரண்டு பாதமும் முழுசாகப் பதியும் அகலமான சேலை ஃபுட்ரெஸ்ட் வாங்கி மாட்டுங்கள். சேலை கார்டு (சக்கரத்தில் துணி சிக்காமல் காக்கும் தடுப்பு) நெளியாமல், போல்ட் விழாமல் இருக்கிறதா பாருங்கள். குரூஸருக்கு அழகு இல்லை என்று அதைக் கழற்றிப் போட்ட வண்டிகளை நகரம் முழுக்கப் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். ஹெல்மெட் அம்மாவுக்கும்தான். பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம்.

அம்மா சல்வாருக்கு மாறி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சம்மதித்தால் கதையே வேறு. அப்போது பேக்ரெஸ்ட் நிஜமாகவே உதவும். அவெஞ்சரின் சீட் உயரம் 737 மில்லிமீட்டர்தான், ஏறுவது அவ்வளவு சிரமமில்லை. ஆனால் பின்னால் உயரமான கம்பி நின்றால் காலைத் தூக்கிச் சுற்றிப்போட இடம் இருக்காது. உங்களுக்கும் பேட்டுக்கும் நடுவில் முழங்காலை மடக்கி நுழைக்க வேண்டும். மூட்டு வலி உள்ளவரால் இது முடியாது. குட்டையான பேட் எடுங்கள். கடையில் அவர் ஏறி இறங்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அவர் ஏறும்போது உங்கள் இரண்டு காலும் தரையில், முன் பிரேக் பிடித்தபடி, அவர் கை உங்கள் தோளில்.

கேள்வி: பையனுக்கு 6 வயது. பேக்ரெஸ்ட் இருந்தால் அவனைத் தைரியமாகப் பின்னால் உட்கார வைக்கலாம்தானே? (தாம்பரம் வாசகர்)

பதில்: அந்தத் தைரியம் வேண்டாம். பெரியவர் இடுப்புக்கு அளவெடுத்த பேட் அவன் தலைக்குப் பின்னால் வரும். பக்கவாட்டில் திறந்துதான் இருக்கும். தூங்கிச் சரிந்தால் அதனால் தடுக்க முடியாது. கால் ஃபுட்ரெஸ்ட்டை எட்டி, கை உங்கள் இடுப்பை இறுகப் பிடிக்கும் வயது வரும்வரை பேக்ரெஸ்ட்டை அவனுக்கான பாதுகாப்பாகக் கணக்கில் எடுக்காதீர்கள். 4 வயதுக்கு மேல் ஹெல்மெட் கட்டாயம். 4 வயது ஆகாத குழந்தை என்றால், 2023 முதல் அமலில் உள்ள விதிப்படி ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, அளவான ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் மூன்றும் வேண்டும். 6 வயதுப் பையனுக்கும் பட்டை கட்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. நான் கட்டத்தான் சொல்வேன்.

கேள்வி: பழைய ஹார்லி சாஃப்டெயில் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். கழற்றும் ஒரிஜினல் பேக்ரெஸ்ட் ஒருவரிடம் விலைக்கு இருக்கிறது. "சாஃப்டெயிலுக்குத்தான்" என்கிறார். வாங்கலாமா? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: "சாஃப்டெயிலுக்கு" என்று சொன்னால் போதாது, எந்த வருடத்து சாஃப்டெயில் என்று கேளுங்கள். 2018 மாடலிலிருந்து சாஃப்டெயிலின் ஃபிரேமையே புதிதாக மாற்றிவிட்டார்கள். 2017 வரைக்குமான பேக்ரெஸ்ட் அதற்குப் பிந்தைய வண்டியில் உட்காராது. 2018-க்குப் பிந்தைய வண்டிகளுக்குள்ளேயே மட்கார்டு அகலம் வேறுபடும். சாஃப்டெயில் வரிசையில் வரும் ஃபேட் பாய் மாடலின் பின் டயர் அகலம் 240 மில்லிமீட்டர். மெலிந்த டயர் மாடலுக்குச் செய்த தகடு அதற்கு எப்படிப் பொருந்தும்?

ஹார்லியில் இது மூன்று தனிப் பொருள்: வண்டியில் நிரந்தரமாக நிற்கும் டாக்கிங் கிட், அதில் வந்து பூட்டிக்கொள்ளும் கம்பியும் பக்கத் தகடும், அதன் மேல் பேட். செகண்ட் ஹேண்டில் விற்பவரிடம் பெரும்பாலும் கம்பியும் பேட்டும் மட்டும்தான் இருக்கும், ஏனென்றால் டாக்கிங் கிட் அவருடைய பழைய வண்டியோடு போயிருக்கும். கிட்டைப் புதிதாக வாங்கும் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பாகத்தின் எண்ணை வாங்கி, உங்கள் சேசிஸ் எண்ணோடு டீலரிடம் கொடுத்தால் பொருந்துமா என்று பார்த்துச் சொல்வார்கள். 2020 அக்டோபருக்குப் பிறகு இந்தியாவில் ஹார்லி விற்பனை, சர்வீஸ், உதிரிபாகம் எல்லாம் ஹீரோ மோட்டோகார்ப் வழியாகத்தான். நேரில் பார்க்கும்போது பக்கத் தகட்டில் டாக்கிங் முனை உட்காரும் பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டியது நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடுவதாக இருந்தாலும் இதே சோதனைதான், கூடவே பில் இல்லாமல் எடுக்காதீர்கள்.

கேள்வி: அம்பத்தூரில் தெரிந்த பட்டறையில் டிசைன் கொடுத்துச் செய்துகொள்ளலாமா? (கொரட்டூர் வாசகர்)

பதில்: கம்பியை வளைத்துக் கொடுப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: வண்டியின் மட்கார்டிலோ ஃபிரேமிலோ வெல்டு வைக்கவோ புதுத் துளை போடவோ விடாதீர்கள். இருக்கிற போல்ட் துளைகளுக்கு ஏற்பத் தனியாகத்தான் செய்ய வேண்டும். வெல்டு வைக்கும் நேரத்தில் பேட்டரி இணைப்பைக்கூடக் கழற்றாமல் வண்டியின் மேலேயே வேலை செய்தால் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடும் அபாயமும் உண்டு. கழற்றும் லாட்ச் பட்டறையில் சரியாக அமைவது கடினம். நிரந்தரமாக நிற்கும் பேக்ரெஸ்ட் என்றால் பட்டறைக்குப் போங்கள், கழற்றுவது என்றால் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: போலீஸ் பிடிப்பார்களா? திருடு போனால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? (ராயப்பேட்டை வாசகர்)

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுப்பது, ஆர்.சி.யில் பதிவான விவரத்திலிருந்து வண்டி மாறிப்போகும்படியான மாற்றத்தை. போல்ட்டில் மாட்டும் பேக்ரெஸ்ட் அந்த விவரம் எதையும் மாற்றுவதில்லை. நம்பர் பிளேட், பின் விளக்கு, இண்டிகேட்டர் எதையும் மறைக்காமல் இருந்தால் போதும். பேக்ரெஸ்ட்டோடு லக்கேஜ் கேரியரும் சேர்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள், பையைக் கட்டியதும் விளக்கு மறைவது அதில்தான். கேரியரில் பொறித்திருக்கும் எடைக்கு மேல் ஏற்றவும் கூடாது. பின் அச்சுக்கும் பின்னால் விழும் எடை முன்சக்கரத்தை லேசாக்கிவிடும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நம் நாட்டு டூவீலர் பேக்கேஜ் பாலிசியின் வழக்கமான வாசகப்படி, வண்டியும் சேர்ந்து திருடு போனால்தான் ஆக்சஸரிக்கு இழப்பீடு. பேக்ரெஸ்ட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் பைசா கிடைக்காது. டூல்ஸ் இல்லாமல் நீங்கள் கழற்றுவதை அடுத்தவரும் கழற்றுவார். ரோட்டோரம் நிறுத்துகிறவராக இருந்தால் சாவி போட்டுப் பூட்டும் லாட்ச் உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

கேள்வி: "எல்லா குரூஸருக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் ஒரு பேக்ரெஸ்ட் வாங்கினேன். பிராக்கெட் துளை என் வண்டியில் சேரவே இல்லை. திருப்பி அனுப்பக் கேட்டால், மாட்டிப் பார்த்ததில் கீறல் விழுந்திருக்கிறது என்று மறுக்கிறார்கள். (மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: எல்லா குரூஸருக்கும் பொருந்தும் பேக்ரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் மட்கார்டு அகலம் வேறு, துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் வேறு. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் விற்பவர் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியே இல்லாத பொருளுக்கு, மாட்டிப் பார்த்ததையே குற்றமாகச் சொல்வது நியாயமும் இல்லை.

இன்றைக்கே அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்த வரியை எடுத்துவிடலாம். துளை சேராமல் நிற்பதை, அளவு நாடா வைத்துப் படம் எடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் புகார் கிடைத்ததை உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கால அவகாசம் 2 வருடம்.

அதுவரை பொருளை வந்த பெட்டியிலேயே வையுங்கள். "ரெண்டு துளை சேர்த்துப் போட்டா உட்கார்ந்துடும் சார்" என்று மெக்கானிக் சொல்வார். அதற்குச் சம்மதித்து டிரில் வைத்துவிட்டால் உங்கள் கையில் இருக்கும் நல்ல வழக்கு அன்றைக்கே போய்விடும்.